முப்பத்தோராம் ஸ்லைடு

ஹாலிஸ்டன் விமானத் திடலில் இருந்த பழைய ஹாங்கரை, அதாவது விமானக் கொட்டகையை, இடிக்கப் போவதாகக் கடிதம் வந்தபோது, அதற்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஒருத்தி லோரீன் டக்கெட். மற்றவர் ஆர்லோ பீசன்.

இருவரும் வான் தேடல் சங்கத்துக்காரர்கள். சம்பளம் இல்லாத சங்கம் அது. ஐடஹோ மலைகளில் சின்ன விமானம் ஏதாவது காணாமல் போய்விட்டால் பல் டாக்டரும் மரக்கடைக்காரரும் பள்ளிக்கூட ஆசிரியையும் போட்டது போட்டபடி கிடக்க, சொந்த விமானங்களில் ஏறித் தேடக் கிளம்பிவிடுவார்கள். ஆர்லோ விமானம் ஓட்டியவர். லோரீன் ஒருநாளும் ஓட்டியதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் கீழே பார்த்துக்கொண்டே வருகிறவர்களுக்குப் பார்வையாளர் என்று பெயர், அவள் பார்வையாளர். பகலில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தாள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் அந்த ஹாங்கரில் புதுப் பார்வையாளர்களுக்குப் பாடம் எடுத்தாள். 1979இல் தொடங்கிப் பதினெட்டு வருஷம். பிறகு ஆள் சேராமல் சங்கம் தானாகவே கலைந்து போயிற்று.

பயிற்சிச் சாமான்களைத் தலைநகரில் இருக்கும் அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் துடைத்து, பட்டியல் போட்டு, படங்களையெல்லாம் பிரதி எடுத்துத் தர வேண்டும் என்றார்கள். ஸ்கேனர் ஒன்றை இரவல் கொடுத்தார்கள். ஊர் நூலகம் பின்னறையை ஒழித்துத் தந்தது. 2016 ஆகஸ்ட் மாதம் முழுக்க இருவரும் ஆர்லோவின் வண்டியில் இரும்பு அலமாரிகளை ஏற்றி இறக்கினார்கள்.

அலமாரிகளுக்குள் சங்கத்தின் மொத்த வாழ்க்கையும் இருந்தது. விமானங்களின் நிழலுருவம் அச்சிட்ட சீட்டுக்கட்டுகள். கயிற்று முடிச்சுகள் அறைந்த பலகைகள். விமான ஜன்னல் அளவுக்கு ஓட்டை வெட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டி. அதற்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பாடமே நடக்கும். பயிற்சிக் கையேட்டின் முதல் இரண்டு அத்தியாயங்களை எலி தின்றிருந்தது.

"பரவாயில்ல விடு. நம்ம பசங்கள்ல பாதிப் பேரைவிட அந்த எலிக்குப் பாடம் நல்லாத் தெரியும்" என்றார் ஆர்லோ.

கடைசி அலமாரியின் அடித்தட்டில் தகரப் பெட்டி ஒன்றில் ஸ்லைடுகள் இருந்தன. லோரீன் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

மொத்தம் நாற்பது ஸ்லைடுகள். அவளுக்கு முன்னால் பாடம் எடுத்த ரஸ்ஸல் ஓப்டால், விமானத்திலிருந்து தானே எடுத்த படங்களைக் கொண்டு 1973இல் உண்டாக்கிய தேர்வு அது. திரையில் ஒரு மலைச்சரிவு தோன்றும். காடு, பாறை, சருகு. மேலே எட்டுக்கு ஆறு கட்டங்கள். பத்து விநாடிக்குள், விழுந்த விமானம் எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்று தாளில் எழுத வேண்டும். முப்பத்தொரு படங்களில் விமானம் உண்டு. ஒன்பதில் ஒன்றுமே கிடையாது. ஒன்றுமில்லாத படத்தில் எதையாவது குறித்தால் இரட்டை மதிப்பெண் வெட்டு. இல்லாததைப் பார்க்கிறவன் பத்துப் பேரின் பெட்ரோலையும் ஒரு நாள் வெளிச்சத்தையும் வீணாக்குவான் என்பது ஓப்டாலின் கணக்கு. அவர் 1978இல் இறந்து போனார். விடைத்தாளும் பெட்டியும் லோரீன் கைக்கு வந்தன.

அந்த ஒன்பதில் ஒன்று முப்பத்தோராம் ஸ்லைடு. அதற்குச் சங்கத்தில் பேய் ஸ்லைடு என்று பட்டப்பெயர். வருகிறவர்களில் பலர் அதில் ஒரே கட்டத்தைத்தான் குறிப்பார்கள்: எஃப்-4. பட்டுப்போன வெள்ளை மரம் ஒன்று அங்கே விழுந்து கிடக்கிறது, எல்லோரும் அதில்தான் ஏமாறுகிறார்கள் என்று ஓப்டால் அவளுக்குச் சொல்லியிருந்தார். அவளும் ஒவ்வொரு வகுப்பிலும் அதையே சொன்னாள். ஏமாற்றுகிற படம் என்பதாலேயே அதைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்தாள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு அந்த ஸ்லைடைத் தூசி தட்டி ஸ்கேனருக்குள் வைத்தாள். ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் யாரோ குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படம் கணினித் திரையில் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பழைய சிநேகிதியைப் பார்த்தது போலத்தான் இருந்தது.

வேடிக்கையாக எஃப்-4ஐப் பெரிதாக்கினாள்.

ஹாங்கரில் இருந்தது சுருக்கம் விழுந்த துணித்திரை. விளக்கு மங்கல். பத்து விநாடிக்கு மேல் அவளும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. விடை தெரிந்தவள் எதற்காகப் பார்க்க வேண்டும்? இப்போது அந்த வெள்ளை, திரையில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. அதன் ஒரு விளிம்பு நேர்க்கோடாக இருந்தது. கோட்டின் நுனியில் இன்னொரு கோடு, செங்கோணமாக. வெள்ளைக்கு நடுவில் ஒயின் நிறத்தில் ஒரு பட்டை.

காட்டில் நேர்க்கோடு கிடையாது. பதினெட்டு வருஷம் முதல் பாடமாக அவள் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

 திரையை அணைத்தாள். பிறகு மறுபடி போட்டாள். அது அங்கேயே இருந்தது.

ஆர்லோ வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மரம்தான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மரமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

லோரீன் பழைய விடைத்தாள் கட்டுகளை அவிழ்த்தாள். எலி தொட்டது போக முந்நூற்றுப் பதினெட்டுத் தாள்கள் நன்றாக இருந்தன. ஒவ்வொன்றிலும் முப்பத்தொன்றாம் வரியை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். தொண்ணூற்று நான்கு பேர் எஃப்-4 என்று எழுதியிருந்தார்கள். தொண்ணூற்று நான்கிலும் அவள் கையால் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி. வெவ்வேறு வருஷம், வெவ்வேறு கையெழுத்து, ஒருவரையொருவர் பார்த்தே இராத மனிதர்கள். எல்லோரும் அதே இடத்தில் விரலை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள்தான் ஒவ்வொருவரிடமும் இல்லை இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

1984ஆம் வருஷத்துத் தாள் ஒன்றில் எஃப்-4க்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள் இருந்தன: 'வெள்ளை. நேர்க்கோடு.' மேலே பெயர், டீட்ரா கிரேடி, வயது பதினேழு.

அந்தப் பெயரை வாசித்ததும் லோரீனும் ஆர்லோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெண்டல் கிரேடி 1972 அக்டோபர் எட்டாம் தேதி, வெள்ளையில் ஒயின் நிறப் பட்டை போட்ட நான்கு இருக்கை விமானத்தில் தனியாகக் கிளம்பி, வீடு வந்து சேராத மனிதர். சங்கம் எட்டு நாள் தேடிற்று. பனி விழத் தொடங்கியதும் நிறுத்திவிட்டது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. பதினேழு வயதில் அந்த மகள் தானாக வந்து சங்கத்தில் சேர்ந்தாள். இரண்டே மாதத்தில் நின்றும் போனாள். ஏன் என்று லோரீன் அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில், படம் கழுவிய கடைக்காரர்கள் போட்ட முத்திரை இருந்தது: அக்டோபர் 72. கீழே சுருளில் அந்தப் படத்தின் எண், பதினேழு. ஓப்டாலின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தார்கள். அக்டோபர் பதினான்கு, காலை பதினொன்று இருபதுக்குக் குருட்டுக் குதிரை முகட்டின் தெற்குச் சரிவில் படங்கள் எடுத்ததாக அதில் எழுதியிருந்தார். தேடலின்போது எடுத்த படங்களைப் பிற்பாடு திரையில் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். இதையும் பார்த்திருக்கிறார். ஒன்றும் தென்படவில்லை. அடுத்த வருஷம், வெறும் சரிவு என்று தேர்வில் சேர்த்துவிட்டிருக்கிறார். கண்ணுக்கு உறுத்திய வெள்ளைக்கு, மரம் என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்.

குறிப்பேட்டில் இன்னொரு வரியும் இருந்தது. விமானம் ஓட்டியது: ஆ. பீசன்.

"நான் ஓட்டிட்டு இருந்தேன்" என்றார் ஆர்லோ. "அந்தப் பள்ளத்தாக்குல காத்து எப்படி அடிக்கும் தெரியுமா? நான் முன்னாடி பாத்து ஓட்டிட்டு இருந்தேன், லோரீன்."

அவள் குறிப்பேட்டை மூடி வைத்தாள். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு என்ன தகுதி?

தகரப் பெட்டிக்கு அடியில், தேர்வுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய ஸ்லைடுகள் ஒரு காகித உறையில் கிடந்தன. அதே முத்திரையோடு பதினெட்டாம் எண் இருக்கிறதா என்று துழாவினாள். இருந்தது. அதே சரிவு, தேடல் விமானம் கொஞ்சம் முன்னே நகர்ந்த பிறகு எடுத்தது. இரண்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு விநாடி போயிருக்கும். அதையும் ஸ்கேன் செய்து, இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினாள். வரைபடக்காரிக்கு அது கைவந்த வேலை. பெரிய பாறையையும் விளிம்பில் நின்ற மூன்று மரங்களையும் பிடித்துக்கொண்டு மற்றதை இழுத்துச் சரிசெய்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் பதினேழு. இன்னொருமுறை அழுத்தினால் பதினெட்டு.

அழுத்தினாள். மரங்கள் லேசாக நடுங்கி நின்றன. பாறைகள் அசையவில்லை. வெள்ளை அசையவில்லை.

வெள்ளைக்கு இடப்பக்கம், அடிக்கட்டை மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அரிசியளவுதான் இருக்கும். பதினெட்டில் அது அங்கே இல்லை. கீழே, மரங்கள் இல்லாத மொட்டைப் பாறைக்கு வந்திருந்தது. பக்கத்தில் நீளமான மெல்லிய நிழல்.

மறுபடி அழுத்தினாள். மேலே. அழுத்தினாள். கீழே. மேலே. கீழே.

ஆர்லோ எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தபோது வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்தபடி வெயிலில் நின்றிருந்தார். பக்கத்து அறையில் கதை முடிந்து குழந்தைகள் கை தட்டினார்கள். லோரீன் திரையில் இருந்ததை அணைக்கப் பார்த்தாள். விரல் தப்பிப் பழைய பொத்தானில் பட்டுவிட்டது. அது இன்னொருமுறை மேலிருந்து கீழே இறங்கி வந்தது.

அன்று மாலையே ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய், விமானம் தெரிகிற படத்தைக் காட்டினாள். உயரக்கோடுகள் போட்ட வரைபடத்தில் சரிவு இருக்கும் இடத்தையும் குறித்துக் கொடுத்தாள். செயற்கைக்கோள் படத்தில் அங்கே காடு அடர்ந்து மூடியிருந்தது. பதினெட்டாம் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதலில் விமானம் கிடைக்கட்டும், கிடைக்காமலே போனால் ஒரு பெண்ணின் நெஞ்சில் எதற்காக இந்த முள்ளைத் தைக்க வேண்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது முழுப் பொய்யும் இல்லை.

டீட்ரா ஊருக்கு வெளியே தீவனக்கடை வைத்திருந்தாள். நாற்பத்தொன்பது வயது, இரண்டு ஆள் பலம். லோரீன் போனபோது மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவள் மென்று முழுங்கி, பழைய ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்ததாகவும் அதில் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் ஆரம்பித்தாள்.

டீட்ரா மூட்டையைக் கீழே வைத்தாள்.

"முப்பத்தொண்ணா?" என்றாள்.

லோரீன் தலையாட்டினாள்.

"எஃப்-நாலு. அது கனவுல வரும் எனக்கு. இப்பவும் வரும்" என்றாள் டீட்ரா. "அன்னைக்கு நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா, மிஸஸ் டக்கெட்?"

"இல்லம்மா."

"எல்லாரும் போற வரைக்கும் இருந்து, தாளை எடுத்துட்டு வந்து உங்ககிட்ட காட்டினேன். இன்னொரு தடவை போடுங்க, பத்தே விநாடின்னு கேட்டேன். நீங்க என் தோள்ல கை வெச்சு, 'பாக்குற மலையிலெல்லாம் உங்கப்பாவைப் பாக்காதே கண்ணு'ன்னு சொன்னீங்க. அன்பாத்தான் சொன்னீங்க. நான் அப்புறம் வரல."

லோரீன் படத்தில் தெரிந்த விமானத்தைப் பற்றிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள்.  எப்போது மேலே போகிறார்கள் என்று மட்டும் டீட்ரா கேட்டாள்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி போனார்கள். ஷெரீஃபின் ஆட்கள் மூன்று பேர், அவர்களோடு டீட்ரா. பாதை கிடையாது, ஐந்து மணி நேரம் ஏற்றம். லோரீனுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. அவளும் ஆர்லோவும் மண்சாலை முடிகிற இடத்தில், வண்டியில் வயர்லெஸ்ஸை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். காற்று இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. வயர்லெஸ் அவ்வப்போது கரகரத்துவிட்டு ஓய்ந்தது.

மதியம் ஒன்று பத்துக்கு ஷெரீஃபின் ஆள் பேசினார். வால்பகுதி கிடைத்துவிட்டது. அதிலிருந்த பதிவெண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் கிரேடியின் விமானத்தோடு ஒத்துப்போயின. ஒரு ஃபிர் மரம் விமானத்துக்குள்ளேயே முளைத்து, கூரையைப் பிளந்துகொண்டு வளர்ந்திருக்கிறது. இருக்கைகளில் யாரும் இல்லை.

அதன் பிறகு நாற்பது நிமிஷம் வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை. ஆர்லோ அதன் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். அடுத்துப் பேசியபோது அந்த ஆளின் குரல் தாழ்ந்திருந்தது. நூற்று நாற்பது அடி கீழே, முன்னால் தள்ளி நின்ற ஒரு பாறைக்கு அடியில், இருக்கை மெத்தைகளை விரித்துப் படுக்கை போட்டிருக்கிறது என்றார். எலும்புகள் அங்கே இருந்தன. தலைமாட்டில், கோழிமுட்டை அளவில் கூழாங்கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பதினொன்று.

லோரீன் விரல் விட்டு எண்ணினாள். நாளுக்கு ஒரு கல். எட்டாம் தேதிக்குப் பிறகு பதினொரு நாள். படம் எடுத்தது ஆறாம் நாள். தேடலை நிறுத்தியது எட்டாம் நாள்.

மாலை ஆறு மணிக்கு டீட்ரா இறங்கி வந்தாள். உடம்பெல்லாம் சருகும் புழுதியும். நேரே லோரீன் முன்னால் வந்து நின்றாள்.

"உசிரோட இருந்திருக்கார். உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"தெரியும். இன்னொரு படம் இருக்கு. உன்கிட்ட சொல்லல" என்றாள் லோரீன்.

ஆர்லோ வண்டியிலிருந்து இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றினார். "அந்த விமானத்தை ஓட்டினது நான்தான்" என்றார். 

டீட்ரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் நூலகம் திறந்த நேரத்துக்கு வந்து வாசலில் நின்றாள். லோரீன் இரண்டு படங்களையும் திரையில் போட்டுப் பொத்தானைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். டீட்ரா அழுத்தினாள். மேலே. கீழே. எத்தனை முறை என்று கணக்கே இல்லை. அழவில்லை. உதடு மட்டும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

லோரீன் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள். "அறுபது அடி."

"பத்து விநாடியில அறுபது அடி. அந்தச் சரிவுல, அடிபட்ட ஆளு." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஓடியிருக்கார்."

செப்டம்பர் கடைசியில் வெண்டல் கிரேடியை அடக்கம் செய்தார்கள். லோரீன் பின்வரிசையில் நின்றாள். ஆர்லோ வரவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு டீட்ராவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. லோரீன் மிச்ச ஸ்லைடுகளைப் பிரதி எடுத்து முடித்தாள். ஒவ்வொன்றையும் அமிலமில்லாத உறையில் போட்டு எண் எழுதினாள். வெறும் சரிவு என்று பெயர் வாங்கிய மற்ற எட்டையும் ஒவ்வொரு கட்டமாக மூன்று நாள் பார்த்தாள். எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் அந்த எட்டு ஸ்லைடுகளை அருங்காட்சியகப் பெட்டியில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை. மேசை இழுப்பறையில் தனியாக வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் பத்தாம் தேதி டீட்ரா போன் செய்தாள்.

"பதினாலாம் தேதி நான் மேல ஏறப் போறேன். முந்தின நாளே போய்த் தங்கிடுவேன். காலையில பதினொண்ணு இருபதுக்கு, அவர் நின்ன எடத்துல நிப்பேன். நீங்க ரெண்டு பேரும் விமானத்துல ஏறி, அதே உயரத்துல, அதே பக்கமா வரணும்."

"எதுக்கும்மா?"

"மேலேருந்து பாத்தா ஆள் தெரியுமான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

கண் பரிசோதனையில் தேறாததால் ஆர்லோ விமானம் ஓட்டி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தன் விமானத்தில் அழைத்துப்போகச் சம்மதித்தார். ஆர்லோ பின்னால் ஏறிக்கொண்டார். லோரீன் முன்னால் வலதுபக்கம், அவளுடைய பழைய இடத்தில். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். பண்ணைக்காரரிடம் ஓப்டால் எழுதிவைத்த உயரத்தையும் வேகத்தையும் கொடுத்தாள்.

வானம் துடைத்த மாதிரி இருந்தது. முகட்டைச் சுற்றி வந்து தெற்குச் சரிவுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று பத்தொன்பது. லோரீன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். அந்தச் சரிவு அவளுக்கு மனப்பாடம். விளிம்பில் நின்ற மூன்று மரங்களில் இரண்டுதான் இப்போது நின்றன. பெரிய பாறை தெரிந்தது. மொட்டைப் பாறையும் தெரிந்தது. கால்வாசியைக் காடு விழுங்கியிருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று அங்குலக் கணக்கில் தெரிந்தவள், அங்கேயே பார்த்தாள்.

பாறை வந்தது, போயிற்று. யாரும் இல்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.

மீண்டும் சுற்றி வந்தார்கள். வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். எல்லாம் கலைந்து ஓடியது. அடிக்கட்டைகள் நூறு தெரிந்தன. ஒவ்வொன்றும் ஆள் மாதிரி இருந்தது. ஒன்றும் ஆளாக இல்லை. பின்னாலிருந்து ஆர்லோ, "பாத்தியா, பாத்தியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது முறையும் யாரும் இல்லை. நான்காவது முறை முடிந்ததும் பண்ணைக்காரர் காற்று மாறுவதாகச் சொல்லி மேலே ஏற்றிவிட்டார்.

டீட்ரா அங்கே போகவே இல்லை, வழியில் விழுந்து கிடக்கிறாள் என்று லோரீனுக்குத் தோன்றியது. திடலில் இறங்கியதும் இருவரும் நேரே மண்சாலைக்கு வண்டியை ஓட்டினார்கள். டீட்ராவின் வண்டி அங்கேதான் நின்றது. மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. ஆர்லோ ஷெரீஃபுக்குச் சொல்லலாமா என்று கேட்டபோது, மரங்களுக்கு நடுவிலிருந்து அவள் வெளியே வந்தாள். அப்பா கிளம்பிய நாளில் போட்டிருந்த மாதிரி காப்பிநிறக் கம்பளிக் கோட்டு போட்டிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் லோரீன்.

"எத்தனை தடவை வந்தீங்க?"

"நாலு."

"நாலுதான். நானும் எண்ணினேன்." டீட்ராவுக்கு மூச்சு வாங்கியது. "நாலு தடவையும் கையாட்டினேன். ரெண்டாவது தடவை மேலேருந்து கீழே ஓடியும் பாத்தேன். சிவப்புத் தொப்பி போட்டிருந்தீங்க. கண்ணாடியில நெத்தியை வெச்சிருந்தீங்க. அவ்வளவு கிட்ட. என்னையேதான் பாத்துட்டுப் போனீங்க."

லோரீனின் கை தலைக்குப் போயிற்று. தொப்பி வண்டியில் கிடந்தது.

  ஆர்லோ தன் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி, டீட்ராவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். லோரீன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.